ஆன்லைன் 'கலை ரசனை டிப்ளமோ': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. 2024 ஜூன் மாதம் ஓர் ஆன்லைன் படிப்பில் சேர்ந்து 45,000 ரூபாயை இழந்தேன். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் வேறு பெயர்களிலும் ஆள் பிடிக்கிறார்கள். அதனால் என்ன சொல்லி, எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் ஹயர் கிரேடு தேர்வுகள் முடித்து, டி.டி.சி. என்ற ஆசிரியர் சான்றிதழ் வாங்கி வேலைக்கு வந்தவள் நான். கை வரையும். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பெரிய கோயில் ஓவியத்தின் படத்தைக் காட்டி, "டீச்சர், இது நல்லா இருக்குன்னு தெரியுது, ஏன் நல்லா இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு படத்தின் முன் நின்று எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று யாராவது கற்றுத்தர மாட்டார்களா என்று தேடினேன். தேடிய அன்று சாயங்காலமே போன் வந்தது.

தன்னைக் 'கவுன்சிலர்' என்று சொல்லிக்கொண்ட அந்தப் பெண் நன்றாகத் தமிழ் பேசினார். ஓராண்டு டிப்ளமோ, பெரிய பல்கலைக்கழகத்துடன் 'டை-அப்', வாரம் இரண்டு நேரடி வகுப்பு, ஒவ்வொரு கட்டுரையையும் ஓர் ஓவியர் படித்துத் திருத்தித் தருவார். கட்டணம் 62,000. "மேடம், டீச்சர்னா 17,000 ஸ்காலர்ஷிப் இருக்கு. இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணியோட க்ளோஸ் ஆயிடும். ஒரே ஒரு சீட்தான்." எங்கள் வீட்டுக்காரர், "நாளைக்குப் பார்த்துக்கலாமே" என்றார். நான் கேட்கவில்லை. மாதம் 5,000 வீதம் ஒன்பது தவணை, வட்டி இல்லை என்றார்கள். ஆதார், பான் அனுப்பினேன், வந்த ஓடிபியைச் சொன்னேன்.

அந்த ஓடிபி நான் ஒரு கடன் ஒப்பந்தத்துக்குப் போட்ட கையெழுத்து. படிப்பு நடத்துபவர்களிடம் தவணையாகக் கட்டுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கடன் எழுதி, மொத்தப் பணத்தையும் அவர்களுக்கு மறுநாளே கொடுத்துவிட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நான் கடன்காரி. தவணையை நிறுத்தினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்று காட்டும் என் சிபில் மதிப்பெண்தான் கெடும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தருபவர் எல்லா விவரமும் அடங்கிய ஒரு தாளைத் தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் மட்டும் கட்டி, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளவும் விட வேண்டும். அந்தத் தாள் எனக்கும் மின்னஞ்சலில் வந்திருந்தது. நான் திறந்து பார்த்தபோது அந்தக் காலம் தாண்டியிருந்தது. உங்களில் யாராவது இப்போதுதான் சேர்ந்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்த மெயிலைத் தேடுங்கள்.

நேரடி வகுப்பு மொத்தம் மூன்று நடந்தது. அதற்குப் பிறகு எல்லாம் பதிவு செய்த வீடியோ. முகம் தெரியாத ஒருவர் ஸ்லைடில் இருக்கும் ஆங்கில வரிகளை அப்படியே வாசிப்பார். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை நான்கு நிமிடத்தில் முடித்தார்கள். படம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, எல்லோரும் குட்டையாகத் தெரிந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் அந்த ஓவியம் இருக்கும் ரைக்ஸ் மியூசியம், 2022-இல் அதை 717 ஜிகாபிக்சல் அளவில் படமெடுத்து யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறது. அதாவது 71,700 கோடிப் புள்ளிகள். வண்ணப் பூச்சில் விழுந்திருக்கும் விரிசல்வரை போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், ஒரு பைசா கிடையாது. காசு வாங்கியவர்கள் அதைத் திறந்து காட்டக்கூட மெனக்கெடவில்லை.

அடுத்த மாதம் வந்த ஸ்லைடில் பெரிய கோயில் சோழர் ஓவியத்தைப் போட்டு 'அஜந்தா' என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவள். கருவறையைச் சுற்றிய உள் நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த அந்தச் சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த கதை எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேல் அடுக்கைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கீழே இருந்ததை வெளிக்கொணர்ந்தார்கள். அத்தனை பேர் உழைப்பைத் தவறான பெயரில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். திருத்தச் சொல்லி மெயில் போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது. அந்த ஸ்லைடு மாறவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் நம்பிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அந்தக் கட்டுரை. ஏதாவது ஒரு கலைப்படைப்பை நேரில் பார்த்து எழுத வேண்டும், அதுதான் முக்கியமான பயிற்சி என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு சனிக்கிழமை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, அரசு அருங்காட்சியகம் திறக்கும்வரை காத்திருந்து, திருவாலங்காட்டு நடராஜர் முன் போய் நின்றேன். மூன்று மணி நேரம். பதினோராம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி. சுற்றித் திருவாசி என்கிற தீச்சுடர் வளையம் இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. அவை இல்லாததாலேயே அந்த உடம்பின் அசைவு மட்டும் தனியாகத் தெரிந்தது. தூக்கிய இடக்காலின் பாரத்தை ஊன்றிய வலக்கால் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று அன்றைக்குத்தான் என் கண்ணுக்குப் பட்டது. பக்கவாட்டில் போய் நின்றால் இடுப்பு லேசாகத் திரும்பியிருப்பது தெரிகிறது. காவலாளி அண்ணன் இரண்டு முறை வந்து, "என்னம்மா, வரையுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீடு திரும்பி ஆறு பக்கம் எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கட்டுரை அது.

பதினோரு நாள் கழித்து மதிப்பீடு வந்தது: "அருமை. ஓவியர் வண்ணங்களைக் கையாண்ட விதத்தை நுட்பமாக விளக்கியுள்ளீர்கள்."

செப்புச் சிலைக்கு வண்ணமா? எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்களைக் கேட்டேன். மாமல்லபுரத்துச் சிற்பத்தைப் பற்றி எழுதிய கோயம்புத்தூர் அண்ணாவுக்கும், மைலாப்பூர் அக்காவுக்கும் இதே வரிதான் வந்திருந்தது, புள்ளி, கமா மாறாமல். யாருடைய கட்டுரையையும் யாரும் திறந்தே பார்க்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. நான் பார்த்ததைச் சரியென்றோ தப்பென்றோ சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று நம்பித்தான் அந்த ஆறு பக்கத்தையும் எழுதினேன்.

குழுவில் நாங்கள் இதைக் கேட்டு எழுதிய அன்று இரவே எங்கள் மூவரையும் நீக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். 'டை-அப்' என்று சொன்ன பல்கலைக்கழகத்துக்கே மெயில் அனுப்பினேன். அப்படி ஒரு நிறுவனத்துடன் எங்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை என்று நான்கு நாளில் பதில் வந்துவிட்டது. தொலைநிலை, ஆன்லைன் படிப்பு நடத்த எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு அனுமதி என்ற பட்டியலை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. ஃப்ரான்சைஸ் கொடுத்து வேறு ஆள் மூலம் நடத்துவதை 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. ஆகவே 'நாங்கள் அவர்களுடைய பார்ட்னர்' என்று யாராவது சொன்னாலே சந்தேகப்படுங்கள். சான்றிதழில் யார் கையெழுத்து, யார் முத்திரை இருக்கும் என்று கேளுங்கள். மாதிரிச் சான்றிதழை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்டிருந்தால், அந்தக் கம்பெனி தன் பெயரிலேயே அச்சடித்துக் கொடுக்கிற காகிதம் அது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஆன்லைனில் கலை படிக்கவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத்து நடராஜரைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை, புகைப்படங்களை வைத்துக்கொண்டுதான் எழுதினார். நல்ல படமும் பொறுமையான கண்ணும் இருந்தால் தூரத்திலிருந்தும் பார்க்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடம் கேட்க இலவசம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். எடுத்த எடுப்பில் யாருக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவு செய்ததும் கம்பெனியிடமிருந்து 'விதிமுறைப்படி ரீஃபண்ட் இல்லை' என்று பதில் வந்தது. அந்த மறுப்பே எனக்கு ஓர் ஆதாரமாயிற்று. பிறகு நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கல்வி என்பது 'சேவை' ஆகாது, அதனால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பில் வாதாடுவார்கள். பல்கலைக்கழகங்கள் விஷயத்தில் அப்படித் தீர்ப்புகள் உண்டு. ஆனால் 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் பயிற்சி மையங்களை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் பள்ளி மாணவியின் அப்பா, அவர் ஒரு வக்கீல்.

வாட்ஸ்அப் செய்திகள், போனில் பேசிய தேதி, நேரம், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், எதையும் அழிக்காதீர்கள். என்னைக் குழுவிலிருந்து நீக்கும் முன்பே கோயம்புத்தூர் அண்ணா எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் என்னிடம் பாதி ஆதாரம் இருந்திருக்காது. நாங்கள் மூவரும் தனித்தனியே புகார் போட்டிருக்கிறோம்.

ஒன்பது தவணையும் 2025 மார்ச்சில் கட்டி முடித்துவிட்டேன். ஆறு பக்கக் கட்டுரையையும் அந்த ஒற்றை வரி மதிப்பீட்டையும் ஏழாவது ஆவணமாகப் புகாரோடு இணைத்திருக்கிறேன். கட்டுரையின் இன்னொரு நகல், அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையிடம் இருக்கிறது. அவள் இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டாம் பக்கத்தில் ஊன்றிய காலைப் பற்றி நான் எழுதியது தனக்குச் சரியாகப் படவில்லை என்று பென்சிலில் குறித்துக் கொடுத்திருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எழும்பூர் போய்ப் பார்க்கப் போகிறோம்.