பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எக்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்

கிராபிக்ஸ் கார்டு மாற்ற சிஸ்டத்தைக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அதிலும் "இந்தக் கார்டுக்கு உங்க எஸ்எம்பிஎஸ் பத்தாது" என்று கடைக்காரர் ஆரம்பித்தால் கட்டாயம் படியுங்கள். எஸ்எம்பிஎஸ் என்றால் சிஸ்டத்துக்குள் எல்லா பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி.

மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ5 10400 ப்ராசசர், நல்ல பிராண்டு 550 வாட் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் சான்றிதழ் பெற்ற எஸ்எம்பிஎஸ், வாரண்டிகூட மிச்சம் இருந்தது. 4கே ஃபுட்டேஜ் இழுத்துக்கொண்டே இருந்ததால் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கி, ஊரில் பெயருள்ள ஒரு கடையில் மாட்டக் கொடுத்தேன். 550 போதும்தானே தம்பி என்று கேட்டேன். "பத்தாதுண்ணே, கார்டு அடிச்சுட்டுப் போயிரும். 750 போட்டுத் தர்றேன், பழசை எக்சேஞ்சுல கழிச்சுக்கலாம்" என்றார். என்விடியா இந்தக் கார்டுக்குத் தன் தளத்தில் சொல்லியிருக்கும் சிஸ்டம் பவரே 550 வாட்தான், அது கார்டு விற்கும் கடைக்குத் தெரியாமல் இருக்குமா என்ன?

அவரை நம்பி மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. பிரவுசர், யூடியூப், டைம்லைன் கட்டிங் எதிலும் பிரச்சினை இல்லை. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக்குவது) போட்டால் மட்டும் பாதியில் ஸ்கிரீன் கறுத்து சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கர்னல் பவர் 41. அது சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் சட்டென்று நின்றால் வரும் குறிப்பு, ஏன் நின்றது என்று சொல்லாது. கார்டு சூடு 65 டிகிரியைத் தாண்டவில்லை. கடைக்கு போன் செய்தால் முதலில் விண்டோஸ் பிரச்சினை என்றார்கள், அதற்கு ஃபார்மட் சார்ஜ் தனியாக வாங்கினார்கள். அப்புறம் உங்க ஏரியா வோல்டேஜ் சரியில்ல என்றார்கள். அப்புறம் யுபிஎஸ். கடைசியில் கார்டே டிஃபெக்டாக இருக்கும், கம்பெனிக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். முகூர்த்த மாதத்தில், நாலு ஆல்பம் டெலிவரிக்கு நிற்கும்போது!

ஒரு நாள் ரெண்டர் ஓடும்போது கருகல் வாடை. உடனே ஸ்விட்சை அணைத்து, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். 750 வாட் என்று விற்ற அந்த டப்பாவில் கார்டுக்கு நேரடியாகக் கரண்ட் தரும் 8 பின் கேபிளே கிடையாது. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் பிளக் இரண்டை ஒரு அடாப்டரில் சேர்த்து 8 பின்னாக்கி மாட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு பிளக்கும் ஒரே கேபிளில் அடுத்தடுத்து வருபவை. அடாப்டரின் ஒரு பக்கம் பழுப்பேறி, பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்து பின்னோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு உள்ளது மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 8 பின் கனெக்டரோ 150 வாட்டுக்கானது. கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்தான், மிச்சம் முழுவதும் இந்த மெல்லிய ஒயர் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தால் எடையே இல்லை. பின்னால் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச். இன்றைய தரமான மாடல்களில் இரண்டு வோல்டேஜையும் தானே சமாளிக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட் இருப்பதால் அந்த ஸ்விட்சுக்கே வேலை இல்லை. சரி, பக்கவாட்டு ஸ்டிக்கருக்கு வருவோம், அங்கேதான் மொத்தக் கதையும் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் என்று தனித்தனியாகக் கரண்ட் தரும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 216 வாட். 5 வோல்ட்டுக்கு 30, 3.3 வோல்ட்டுக்கு 28 என்று போட்டிருக்கிறார்கள், எல்லா வரியையும் கூட்டினாலும் 480 வாட்டைக்கூடத் தொடவில்லை. 750 எங்கிருந்து வந்ததென்று அந்த ஸ்டிக்கரை அடித்தவனுக்குத்தான் வெளிச்சம். அதுவும் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரை அப்படியே நம்பினால் வரும் கணக்கு.

இன்றைய சிஸ்டத்தில் ப்ராசசரும் கார்டும் தின்பது 12 வோல்ட்டைத்தான். 3060 கார்டுக்கு 170 வாட். என் ப்ராசசர் பெயருக்கு 65 வாட், ரெண்டரில் கொஞ்ச நேரம் 130 வரை ஏறும். கண் சிமிட்டும் நேரத்துக்குக் கார்டு இதையும் தாண்டி இழுக்கும். 216-ல் இது எப்படி அடங்கும்? நான் கொடுத்த பழைய 550-ல் 12 வோல்ட்டில் மட்டும் 43 ஆம்பியர், அதாவது 516 வாட். நல்ல சரக்கை எக்சேஞ்ச் என்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு, டப்பாவை என் தலையில் கட்டி, அதற்கு மேலே காசும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே கடையில் எத்தனை வாட் என்று கேட்காதீர்கள், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள், ஸ்டிக்கரைப் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். கார்டுக்கான 8 பின் கேபிள் (6+2 பின் என்பார்கள்) எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். "80%" என்று சும்மா அச்சடித்திருப்பது 80 ப்ளஸ் சான்றிதழ் ஆகாது, அந்தச் சான்றிதழே மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பில்லில் பிராண்டு, மாடல், சீரியல் நம்பர் மூன்றும் வர வேண்டும். என் பில்லில் "750 வாட் எஸ்எம்பிஎஸ் - 1" என்பதோடு சரி.

திரும்பக் கேட்டதற்கு, பில்லின் அடியில் உள்ள "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" வரியைக் காட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் காசு வந்துவிட்டது. ஃபார்மட் சார்ஜ் வரவில்லை. என் பழைய 550-ஐ அதற்குள் யாருக்கோ விற்றுவிட்டார்களாம். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

கார்டு நல்லவேளையாகத் தப்பியது. சமீபத்தில் கடையில் கொடுத்து கார்டு மாட்டியவர்கள் இன்றைக்கே கேபினெட்டைத் திறந்து பாருங்கள், சாட்டாவிலிருந்து 8 பின்னுக்குப் போகும் அடாப்டர் இருந்தால் அதைக் கழற்றும்வரை சிஸ்டத்தை ஆன் செய்ய வேண்டாம்.