கப்பலுக்கு முன் ஓர் இரவு, பின் மூன்று இரவு: ஹோனலூலுவில் எந்தக் கடற்கரை ஹோட்டல்?

ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ கப்பல் சனிக்கிழமை மாலை ஹோனலூலுவில் கிளம்புகிறது. மாவி, ஹிலோ, கோனா, காவாய் என்று நான்கு துறைகளைத் தொட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை காலையில் புறப்பட்ட துறைக்கே திரும்பிவிடுகிறது. கப்பலுக்கு டிக்கெட் எடுப்பது பெரிய வேலையில்லை. முன்னும் பின்னும் எங்கே தங்குவது என்பதில்தான் தலை சுற்றும். கலிபோர்னியாவிலிருந்து அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை இரண்டு தேர்வுமே தவறு. இரண்டாம் முறை பாதி தேறினேன்.

முதல் முறை செய்த தவறு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஹோட்டலைப் பிடித்தது. ஹோனலூலுவின் கடற்கரைப் பகுதியான வைக்கிக்கியில் ஒரு பெரிய கட்டடம். ‘பார்ஷியல் ஓஷன் வியூ’, அதாவது கடல் கொஞ்சம் தெரியும் என்று போட்டிருந்தார்கள். பால்கனிக்கு அங்கே லனாய் என்று பெயர். அந்த லனாயின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு நீலம் தெரிந்தது. “கோபுர தரிசனத்துக்குக்கூட இப்படிக் கழுத்தைத் திருப்பியதில்லை” என்றார் அம்மா. அந்த ஒரு முழ நீலத்துக்கு நான் கொடுத்த கூடுதல் பணத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரே ஹோட்டல் ஏன் சரிப்படாது என்றால், கப்பலேறுவதற்கு முன் தங்கும் முன்னிரவுக்கும் இறங்கிய பின் தங்கும் பின்னிரவுகளுக்கும் தேவை வேறு. முன்னிரவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் களைத்துப்போய் இறங்குகிறோம். மறுநாள் மதியத்துக்குள் பெட்டிகளோடு துறைமுகத்தில் நிற்க வேண்டும். அறையில் விழித்திருக்கும் நேரமே நாலைந்து மணிதான். பின்னிரவுகளில் அவசரம் கிடையாது. ஏழு நாள் கடலை ஜன்னல் வழியாகப் பார்த்தாகிவிட்டது. கடைசிப் பிற்பகலில் காவாயின் நா பாலி மலைச்சுவர்களைக் கப்பல் தளத்திலிருந்தே பார்த்துவிடுகிறோம். அதற்குப் பிறகு இன்னொரு முறை உயரத்திலிருந்து கடலைப் பார்க்கப் பணம் எதற்கு? அப்போது கால் கேட்பது மணலை. கப்பலில் ஜன்னலில்லாத உள்ளறை எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அவர்கள் மிச்சம் பிடித்த காசில் திரும்பி வந்ததும் கடலைப் பார்த்த அறையை எடுப்பதே நியாயம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹவாயில் கடற்கரை பொதுமக்களுக்கு உரியது. அலை ஏறித் தொடும் கோடு வரை யாரும் நடக்கலாம், துண்டை விரிக்கலாம். ஆயிரம் டாலர் அறையில் இருப்பவருக்கும் மூன்றாவது தெருவில் தங்கியிருப்பவருக்கும் ஒரே மணல்தான். நாம் காசு கொடுப்பது படுக்கைக்கும் மணலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்துக்கொள்ள.

முன்னிரவு: மூன்று போட்டியாளர்கள்

கப்பல் நிற்கும் இரண்டாம் எண் துறை, விமான நிலையத்துக்கும் வைக்கிக்கிக்கும் நடுவில் இருக்கிறது. வைக்கிக்கியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். 2025-இல் நகர ரயில் விமான நிலையம் வரை வந்துவிட்டது என்றாலும் வைக்கிக்கிக்குப் போகவில்லை. நகரப் பேருந்தில் பெரிய பெட்டிகளை ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே டாக்சிதான்.

அலா மோவானா ஹோட்டல் பெயரளவில்கூடக் கடற்கரை ஹோட்டல் இல்லை. பேரங்காடியோடு ஒட்டிய ஓர் உயரக் கட்டடம். ஆனால் எதிரே அலா மோவானா கடற்கரைப் பூங்கா, பக்கத்தில் கடைகள், துறைமுகமும் கிட்டத்தில். மறந்துபோன தொப்பியையும் மாத்திரையையும் வாங்க இதைவிட வசதியான இடமில்லை. சைவக்காரர்களுக்கு இன்னொரு அனுகூலம், முழுக்க மரக்கறி விற்கும் ‘டவுன் டு எர்த்’ கடையின் கிளை அருகிலுள்ள காக்காஅகோ பகுதியில் இருக்கிறது. சூடான சாப்பாட்டை எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஹில்டன் ஹவாயியன் வில்லேஜ் வைக்கிக்கியின் மேற்கு முனையில், 22 ஏக்கரில் ஒரு சிறு ஊராகவே பரந்திருக்கிறது. முன்னால் இருப்பது வைக்கிக்கியிலேயே அகலமான மணல்வெளிகளில் ஒன்று. ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹானமோக்குவின் பெயரைத் தாங்கிய கடற்கரை. குழந்தைகள் இருந்தால் நல்ல இடம். வயதானவர்கள் இருந்தால் வரவேற்பு மேடையிலிருந்து அறைக்குப் போவதற்குள் ஒரு பிரகாரம் சுற்றிய மாதிரி ஆகிவிடும். வெள்ளி இரவுகளில் அங்கே வாணவேடிக்கை நடத்துவது வழக்கம். கப்பல் சனிக்கிழமை கிளம்புவதால் முன்னிரவு வெள்ளியாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் வெடியைப் பார்க்க அங்கே அறை எடுக்க வேண்டியதில்லை. வானம் யாருக்கும் சொந்தமில்லை. பக்கத்து மணலில் உட்கார்ந்தே பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம், கையில் சோளப்பொரியோடு.

மூன்றாவது மோவானா சர்ஃப்ரைடர். 1901-இல் திறந்த வெள்ளை மாளிகை, வைக்கிக்கியின் முதல் பெரிய ஹோட்டல். முற்றத்தில் 1904-இல் நட்ட ஆலமரம் விழுது விட்டு நிற்கிறது. மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றதும் அப்பாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அழகில் இதற்கே முதலிடம். இருந்தும் முன்னிரவுக்கு இதை எடுப்பது, முகூர்த்தப் பட்டை உடுத்திக்கொண்டு ரயிலேறுவது போல. ஆலமரத்தைப் பார்க்க அறைச் சாவி தேவையில்லை. மாலையில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

முன்னிரவுக்கு என் ஓட்டு அலா மோவானாவுக்கு. சனிக்கிழமை காலையிலேயே விமானத்தில் வந்து நேரே கப்பலேறினால் அந்த ஓரிரவுச் செலவும் மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து அது முடியும். கப்பல் மாலை வரை நிற்கிறது. விமானம் தாமதமாகிக் கப்பல் போய்விட்டால், கப்பல் நிறுவனம் சம்மதித்தால் மறுநாள் மாவிக்குப் பறந்துபோய் ஏறிக்கொள்ள வழியுண்டு. அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். அறுபது எழுபது வயதுக்காரர்களை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு வேண்டாம்.

பின்னிரவுகள்: இங்கேதான் பணம்

கப்பலிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடுவார்கள். ஹோட்டல் அறை கிடைப்பதோ பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு. முதல் முறை இந்த ஏழு மணி நேரத்தை ஒரு ஹோட்டல் கூடத்தில், பெட்டிகளுக்குக் காவலாக, நாற்காலியில் தூங்கி வழிந்து கழித்தோம். ஊருக்குத் திரும்பும் நாளிலும் இதே இழுபறிதான்: அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும், அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போகும் விமானங்களில் பலவும் இரவில்தான் கிளம்புகின்றன. ஆகவே பின்னிரவு ஹோட்டலை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்களா? அறை இல்லாத நேரத்தில் குளித்து உடை மாற்ற இடம் தருவார்களா? சில ஹோட்டல்களில் இதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

வைக்கிக்கியின் மையத்தில் இளஞ்சிவப்பாக நிற்கும் ராயல் ஹவாயியனுக்கும் கப்பலுக்கும் பழைய உறவு. மாட்சன் கப்பல் நிறுவனம் தன் பயணிகளுக்காகவே அதைக் கட்டி 1927-இல் திறந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை அதை வாடகைக்கு எடுத்து, நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களை ஓய்வுக்கு அங்கே அனுப்பியது. முன்னால் நல்ல மணல். ஆனால் அதே வரிசையில் சற்று மேற்கே தள்ளியிருக்கும் ஷெராட்டனுக்கும் ஹாலேகுலானிக்கும் முன்னால் மணல் அரிக்கப்பட்டு, பெரும்பகுதியில் தடுப்புச் சுவரில் அலை மோதுகிறது. ‘பீச்ஃப்ரண்ட்’ என்ற சொல்லை நம்பிப் போகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அவை தரக்குறைவான ஹோட்டல்கள் என்று சொல்ல வரவில்லை. ஹாலேகுலானி, ஹோனலூலு இருக்கும் ஒவாஹு தீவின் மிக மதிப்புள்ள ஹோட்டல்களில் ஒன்று. கடலை ஒட்டியிருப்பது ஒன்று, கடற்கரையில் இருப்பது வேறு. முன்பதிவுக்கு முன் செயற்கைக்கோள் படத்தில் கட்டடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெளிறிய பட்டை தெரிகிறதா என்று பாருங்கள்.

கிழக்கே, டைமண்ட் ஹெட் மலையின் பக்கமாகக் கூட்டத்தைவிட்டு ஒதுங்கியிருக்கும் கைமானா பீச் ஹோட்டல் சிறியது. அறைகளும் சிறியவை. ஆனால் வாசலைத் தாண்டினால் உள்ளூர்க்காரர்கள் காலையில் நீந்தும் கடற்கரை. 2017-இல் ஓர் அபூர்வ இனக் கடல்நாய் அந்த மணலிலேயே குட்டி போட்டது. தம்பதியாக இரண்டு பேர் மட்டும் போனால் நான் இதைத்தான் சொல்வேன்.

கோ ஒலினா என்ற விடுதிப் பகுதி இவற்றோடு சேராத தனி ரகம். விமான நிலையத்திலிருந்து மேற்கே சுமார் 27 கிலோமீட்டர். பாறைக்கரையை வெட்டி உருவாக்கிய நான்கு குளங்கள்; கடல் உள்ளே வந்து போகும், அலை மட்டும் வெளியே நின்றுவிடும். டிஸ்னியின் ஆலானி, ஃபோர் சீசன்ஸ், மேரியட்டின் வில்லாக்கள் எல்லாம் இந்தக் குளங்களைச் சுற்றித்தான். நீச்சல் தெரியாத அப்பா இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றார். மாவியில் அலை ஒருமுறை தள்ளிவிட்டதிலிருந்து கடல் பக்கமே போகாமலிருந்தவர் அவர். குறை என்னவென்றால் கடைகண்ணி குறைவு, சாப்பாட்டு விலை அதிகம், நகரத்துக்குப் போக வாகனம் வேண்டும். முன்னிரவுக்கு இது ஆகவே ஆகாது: வெள்ளி மாலையில் மேற்கே போகும் நெடுஞ்சாலை நெரிசலில் பாதி ஆயுள் போய்விடும். சனி காலை கப்பலிலிருந்து போகும்போது சாலை காலியாக இருந்தது.

பின்னிரவுகளை வேறு தீவில் கழிக்கலாமே என்று இரண்டாம் முறை யோசித்தேன். இன்னொரு விமானம், இன்னொரு முறை பெட்டி தூக்கல். தவிர, காவாயில் கப்பலே ஓரிரவு நிற்கிறது. மறுநாள் காலை காவாய் ஆதீனத்துக்குப் போய், பெங்களூருக்கு அருகில் செதுக்கிய கருங்கல்லால் கட்டி 2023-இல் குடமுழுக்கு நடந்த இறைவன் கோயிலைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். அத்தனை தொலைவில் பசிபிக் கடல் நடுவே ‘இறைவன்’ என்ற தமிழ்ப் பெயரைப் படித்ததும் அம்மா பேசாமல் நின்றுவிட்டார். அந்தத் தீவுக்கு அது போதும் என்று எங்களுக்குத் தோன்றியது.

பில்லில் வருவது, பஞ்சாங்கத்தில் வருவது

விளம்பரத்தில் காட்டும் அறை வாடகையை வைத்து ஒப்பிடவே கூடாது. பெரிய ஹோட்டல்களில் ‘ரிசார்ட் ஃபீ’ என்று நாளுக்கு 40, 50 டாலர் சேரும். அதற்கும் சேர்த்து வரி 18 சதவீதத்துக்கு மேல். 300 டாலர் அறை, 50 டாலர் ரிசார்ட் ஃபீ என்றால் கையைவிட்டுப் போவது 415 டாலர் அளவுக்கு. காரை நிறுத்தினால் அதற்குத் தனியே இன்னும் ஐம்பதைத் தொடும். ஆகவே வைக்கிக்கியில் கார் எடுக்காதீர்கள்; கோ ஒலினாவில் எடுங்கள்.

தேதியைப் பற்றி ஹோட்டல்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. பௌர்ணமி கழிந்து எட்டாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, ஒவாஹுவின் தென்கரையில், அதாவது வைக்கிக்கி, அலா மோவானா, ஹனவுமா விரிகுடா பக்கங்களில், பெட்டி ஜெல்லிமீன்கள் கரையோரம் வரும். கொட்டினால் கடுமையாக வலிக்கும். நம் கணக்கில் சொன்னால் தேய்பிறை அஷ்டமி, நவமி, தசமி. நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமி வேண்டாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். பின்னிரவுகளுக்குத் தேதி குறிக்கும்போது இப்போது காலண்டரைக் கிழக்கே பார்த்துத் திருப்பாத குறைதான்.

இரண்டாம் முறை முன்னிரவு அலா மோவானாவில் பிசகில்லாமல் போனது. பின்னுக்குக் கோ ஒலினாவில் சமையலறையுள்ள வில்லா என்று நினைத்து எடுத்தேன். ஒரு வாரம் பஃபே சாப்பிட்ட நாக்குக்கு ரசம் சாதம் வேண்டும் என்பது கப்பலில் நாலாம் நாளே வீட்டில் ஒருமனதாக முடிவாகியிருந்தது. ரசப்பொடியும் புளிக்கரைசலும் பெட்டியில் தயார். அறைக்குள் நுழைந்ததும்தான் தெரிந்தது, நான் பதிவு செய்தது ஸ்டுடியோ. முழு அடுப்பு ஒரு படுக்கையறை வில்லாவில்தான் உண்டாம். முன்பதிவுப் பக்கத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு மைக்ரோவேவைப் பார்த்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் தக்காளியைப் பிசைந்து உள்ளே வைத்து, கதவை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடினார். மூன்றாம் முறை மூடியபோது பொங்கி வழிந்துவிட்டது. மிச்சத்தை அப்பா லனாயில் உட்கார்ந்து, குளத்தைப் பார்த்தபடி, காபிக் கோப்பையில் ஊற்றிக் குடித்தார்.