டாரட் பழக: பாடச் செயலியா, கட்டுச் செயலியா, கையில் பிடிக்கும் சீட்டா?

டாரட் (78 படச் சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து சிலவற்றை எடுத்து விரித்து, அவற்றை வைத்து ஒருவரின் கேள்வியைப் பேசுவது) கற்க ஆசைப்படும் பலர் முதலில் செய்வது, கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள்வதுதான். நல்ல தொடக்கம். ஆனால் எந்தச் செயலி என்று தேடும் முன், இங்கே இரண்டு திறமைகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 78 சீட்டுகளையும் பார்த்தவுடன் அடையாளம் கண்டு பொருள் சொல்வது ஒன்று. விரித்த நான்கைந்து சீட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து, எதிரே இருப்பவர் கேட்ட கேள்விக்குப் பொருந்தப் பேசுவது இன்னொன்று. முதல் திறமையைச் செயலிகள் அருமையாக வளர்க்கின்றன. இரண்டாவதைப் பல செயலிகள் தாங்களே செய்து முடித்து, பழகுபவருக்கு வேலை இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. நான் ஒப்பிடுவது இந்த அளவுகோலை வைத்துத்தான். டாரட் வருங்காலத்தைச் சொல்லும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஒரு மனிதரின் நிலைமையைப் படங்களின் துணையோடு பொறுமையாகப் பேசிப் பார்க்கும் கலை என்ற அளவில் எனக்கு அதன் மீது மிகுந்த மதிப்பு உண்டு.

பெரும்பாலான செயலிகள் சொல்லித் தருவது 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டை. ஏ. ஈ. வெயிட் வகுத்துத் தர, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள் அவை. தனிப் பெயருள்ள மேஜர் அர்கானா சீட்டுகள் 22, கப்ஸ் (கோப்பை), ஸ்வோர்ட்ஸ் (வாள்) போன்ற நான்கு இனங்களாக வரும் மைனர் அர்கானா சீட்டுகள் 56 என்ற அமைப்பு அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் மைனர் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் மனிதர்களை வைத்து ஒரு காட்சியை வரைந்ததுதான் பமீலாவின் சாதனை. அந்தக் காட்சிகளைப் படிக்கக் கற்பதுதான் பாடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செயலிகளின் பலமும் பலவீனமும் எளிதில் புலப்படும்.

பாடச் செயலிகளில் பலரும் அறிந்தது லேபிரிந்தோஸ். வடிவமைப்பாளர் டீனா காங் உருவாக்கியது. சிறு சிறு பாடங்கள், அவற்றைத் தொடர்ந்து வினாவிடை, எடுத்த ரீடிங்கைக் (விரித்த சீட்டுகளைப் படித்துச் சொன்னதை) குறித்துவைக்க ஒரு பக்கம் என விளையாட்டுப் போல நகரும். 78 சீட்டுகளைக் கண்டு மலைத்துப் போகிறவருக்கு இதைவிட நல்ல கைப்பிடி கிடைப்பது அரிது. குறை என்னவென்றால், வினாவிடை சோதிப்பது குறிச்சொற்களை. 'ஃபைவ் ஆஃப் கப்ஸ் என்றால் இழப்பு' என்று சரியாகத் தொட்டுவிடலாம். ஏன் இழப்பு என்று படத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாமலே அடுத்த பாடத்துக்கும் போய்விடலாம்.

இதற்குப் போட்டியாக நான் முன்வைப்பது டாரட்டுக்கென்று செய்யப்படாத ஒரு செயலி: ஆன்கி. மறந்த அட்டையை விரைவிலும், தெரிந்த அட்டையை நாள் தள்ளியும் காட்டும் நினைவுப் பயிற்சிக் கருவி இது. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. 1909-ஆம் ஆண்டுப் படங்கள் இன்று பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்து என்பதால், அவற்றை இறக்கி ஒரு பக்கம் படத்தையும் மறுபக்கம் நீங்களே எழுதிய வரியையும் வைக்கலாம். செயலிகளின் வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் நிலையில், தமிழில் யோசிப்பவருக்கு இது பெரிய வசதி. உழைப்பு அதிகம்தான். ஆனால் அட்டையைத் தயாரிப்பதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். நினைவாற்றலுக்கு என் தேர்வு ஆன்கி. ஆர்வத்தைத் தக்கவைக்க லேபிரிந்தோஸ்.

'இன்றைய சீட்டு' மட்டும் காட்டும் இலவசச் செயலிகள் ஏராளம். தினம் ஒன்று பார்த்தால் 78 நாளில் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வருவதில்லை. செயலி ஒவ்வொரு நாளும் முழுக் கட்டிலிருந்தும் எடுக்கிறது. வந்த சீட்டே மீண்டும் வரும். 78 நாள் கழித்துச் சராசரியாக 28-29 சீட்டுகளை நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லாவற்றையும் ஒருமுறையாவது காண ஏறக்குறைய 385 நாட்கள், ஓர் ஆண்டுக்கும் மேல், ஆகும். கையில் கட்டு இருந்தால் எடுத்த சீட்டைத் தனியே வைத்துக்கொண்டே போகலாம். சரியாக 78 நாளில் சுற்று முடியும். கற்பதற்கு என்றால் இந்த வகைச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது, ஒரு முழுச் சீட்டுக் கட்டையே திரையில் தரும் கட்டுச் செயலிகள். ஃபூல்ஸ் டாக் நிறுவனம் பல ஓவியர்களின் கட்டுகளை, ஒரு கட்டுக்கு ஒரு செயலி என்று உரிமம் பெற்று விற்கிறது. சீட்டைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், தலைகீழ்ச் சீட்டு வேண்டாம் என்றால் நிறுத்திவைக்கலாம், எடுத்த விரிப்பைக் குறிப்போடு சேமிக்கலாம். பயிற்சிக்கு உண்மையிலேயே உதவும் வசதிகள் இவை. பொருள் விளக்கத்தைத் திறக்காமல் முதலில் உங்கள் குறிப்பை எழுதுங்கள், பிறகு திறந்து பாருங்கள். இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் கட்டுச் செயலி நல்ல ஆசிரியர். இல்லையென்றால் அது வெறும் அகராதி.

இனி அச்சிட்ட கட்டு. இரண்டாவது திறமைக்கு இதற்கு ஈடு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒருவர் வேலையை இழந்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்கிறார். ஃபைவ் ஆஃப் கப்ஸும் சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸும் வருகின்றன. பல செயலிகள் முதலாவதைத் தொட்டால் 'இழப்பு, வருத்தம்' என்றும், இரண்டாவதைத் தொட்டால் 'இடமாற்றம்' என்றும் தனித்தனியே சொல்லும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் படத்தில் கறுப்புப் போர்வை போர்த்தியவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்து நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்தே இருக்கின்றன. அப்பால் ஓர் ஆறு, அதைக் கடக்க ஒரு பாலம். இரண்டாவது படத்திலும் நீர்தான், ஆனால் அங்கே ஒரு பெண்ணும் குழந்தையும் படகில் அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், படகைச் செலுத்தும் கோல் வேறொருவர் கையில். நீரைக் கடக்க வழி இருந்தும் நிற்பவர், பிறர் துணையோடு கடப்பவர்கள். யாருடைய உதவியை இதுவரை கேட்காமல் இருக்கிறீர்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது. பத்துச் சீட்டுகள் கொண்ட கெல்டிக் கிராஸ் விரிப்பைக் கைப்பேசித் திரையில் போட்டால் பாலம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது, பின்னால் நிற்கும் கோப்பைகள் கண்ணில் படுவதே இல்லை.

கலைப்பதில் மட்டும் செயலிக்கே வெற்றி. 52 சீட்டுக் கட்டு நன்றாகக் கலைய ஏழு முறை ரிஃபிள் முறையில் (கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று நழுவவிட்டு) கலைக்க வேண்டும் என்று கணிதவியலாளர்கள் பேயரும் டயகோனிஸும் 1992-இல் காட்டினார்கள். டாரட்டில் 78, அதுவும் பெரிய அளவுச் சீட்டுகள். பலரும் கையில் வைத்து மேலும் கீழுமாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் வரிசையாக அடுக்கிப் படித்த கட்டில், கப்ஸ் எல்லாம் சேர்ந்தே வருவது இயல்பு. அதற்குப் பெரிய பொருள் தேடாமல், சீட்டுகளை மேசையில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் துழாவுங்கள்.

கேள்வியைத் தட்டச்சு செய்தால் முழு ரீடிங்கையும் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. பழகுபவருக்கு இவற்றால் பயன் இல்லை என்பேன். பழக வேண்டிய பகுதியையே அவை எடுத்துக்கொள்கின்றன. மற்றொரு கவலையும் உண்டு. டாரட்டிடம் மக்கள் கேட்பது மணமுறிவு, கடன், நோய் பற்றி. அவற்றை யாருடைய சர்வரிலோ எழுதிவைக்கும் முன் தனியுரிமை விதிகளைப் படித்துவிடுங்கள். அடுத்தவருக்காக எடுத்த ரீடிங் என்றால் பெயரை எழுதவே வேண்டாம்.

மார்செய், தோத் என்ற வேறு டாரட் கட்டுகளை விரும்புகிறவர்களுக்கு மேலே சொன்னவை அப்படியே பொருந்தா. மார்செயில் மைனர் எண் சீட்டுகளில் காட்சிகள் இல்லை, கோப்பைகளும் வாள்களும் எண்ணிக்கைக்கு மட்டும் அடுக்கப்பட்டிருக்கும். எண் 8 அங்கே ஜஸ்டிஸ், 11 ஸ்ட்ரென்த். ரைடர்-வெயிட்டில் இவை இடம் மாறியிருக்கும். எனவே ரைடர்-வெயிட்டுக்கு எழுதிய செயலியின் விளக்கத்தை மார்செய்க்குப் பயன்படுத்தினால் படத்தில் இல்லாத காட்சியை விளக்கிக்கொண்டிருப்பீர்கள். அலிஸ்டர் குரோலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் கட்டுக்கு அதன் சொந்தக் குறியீட்டு முறை உண்டு. அதற்கென எழுதிய விளக்கம் உள்ள செயலியையோ நூலையோ தேடிக்கொள்ளுங்கள்.