பெரிய சொல்லா, தெரிந்த சொல்லா: பேச்சில் எது எடுபடும்?

நாலு பேர் முன்னால் விவரம் தெரிந்தவராகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நேர்காணல், அலுவலக மீட்டிங், புதிதாகச் சேர்ந்த நண்பர் வட்டம் என்று எங்கே போனாலும் பேச்சை வைத்துத்தான் முதலில் ஆளை எடைபோடுகிறார்கள். அந்த நேரத்தில் கனமான சொற்களை எடுத்து விடலாமா, துறைச் சொற்களைப் பயன்படுத்தலாமா, தெரிந்த சொல்லிலேயே பேசலாமா, இல்லை பேச்சைக் குறைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாமா? நான்கையும் அலசிப் பார்க்க எனக்கு ஒரே ஓர் அளவுகோல் போதும். எதிரில் இருப்பவர் "அப்படின்னா?" என்று கேட்டால், அடுத்த நிமிடம் பேச்சு எங்கே போகும் என்பதுதான் அது.

கனமான சொற்கள்

தமிழில் பேசுபவர்களிடம் இது இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று ஆங்கிலப் பகட்டு: ஹோலிஸ்டிக் அப்ரோச், பாரடைம் ஷிஃப்ட், சினர்ஜி. இன்னொன்று மேடைத் தமிழ்: "இப்பொருண்மை குறித்த புரிதலை ஆழப்படுத்திக்கொள்ள வேண்டிய தேவை எழுந்துள்ளது". மேடையிலும் வாழ்த்துரையிலும் இரங்கல் உரையிலும் மேடைத் தமிழுக்கு உரிய இடம் உண்டு, அங்கே அது அழகும்கூட. உட்கார்ந்து பேசும் பேச்சில்தான் ஒட்டாமல் நிற்கிறது.

கனமான சொற்கள் பலிப்பதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பலிக்கும் என்பதற்குப் பெயர் பெற்ற ஒரு சோதனையே இருக்கிறது. 1970-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற நிபுணராக அறிமுகப்படுத்திப் பேச வைத்தார்கள். மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்பது தலைப்பு. முன்னுக்குப் பின் முரணாகவும் பொருளில்லாமலும் பேச வேண்டும், ஆனால் தடுமாறாமல் நகைச்சுவையோடு பேச வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் போன்ற படித்தவர்கள். உரை நன்றாக இருந்தது என்றே பெரும்பாலானவர்கள் மதிப்பிட்டார்கள். கேள்வி-பதில் நேரத்தில்கூட அவர் போலி என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் பெரிய சொல் ஜெயித்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே ஜெயித்தது அவருடைய நடிப்பு: குரல், சிரிப்பு, தயக்கமில்லாத உடல்மொழி. அதோடு, அந்த உரையை வைத்துக்கொண்டு மறுநாள் எந்த வேலையையும் செய்ய வேண்டிய கட்டாயம் கேட்டவர்களுக்கு இல்லை. வேலை செய்ய வேண்டியவர் விடமாட்டார்; சந்தேகம் கேட்டே தீருவார்.

நடிப்பை எடுத்துவிட்டு வெறும் சொற்களை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் சோதித்தார். பட்டமேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரைகளில் இருந்த சொற்களை எடுத்துவிட்டு, அகராதியில் அதே பொருளில் கிடைத்த நீளமான சொற்களைப் போட்டார். கட்டுரை கடினமாக ஆக ஆக, இவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற மதிப்பீடு இறங்கியது. தத்துவஞானி டெகார்ட்டின் ஒரே பகுதிக்கு இருந்த இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டார். எளிய மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள்தான் எழுதியவரை அதிக அறிவுள்ளவர் என்றார்கள். 2006-இல் வெளியான இந்த ஆய்வுக்கு அதே ஆண்டு இக் நோபல் இலக்கியப் பரிசு கிடைத்தது; முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. எழுத்தை வைத்துச் செய்த சோதனைதான். ஆனால் எழுத்தையாவது திரும்பப் படித்துக்கொள்ளலாம், பேச்சில் அந்த வசதியும் கிடையாது. ஆகவே பேச்சில் சேதம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு ஆபத்து, சொல்லைத் தப்பாகப் போட்டுவிடுவது. "வாடிக்கையாளர் எண்ணிக்கை எக்ஸ்பொனென்ஷியலா ஏறுது" என்கிறார் ஒருவர். திரையில் இருக்கும் எண்கள் 100, 200, 300, 400. ஒவ்வொரு மாதமும் அதே நூறுதான் கூடுகிறது. எக்ஸ்பொனென்ஷியல் என்றால் 100, 200, 400, 800 என்று மடங்கு மடங்காகப் பெருக வேண்டும். கணிதம் தெரிந்த ஒரே ஒருவர் அந்த அறையில் இருந்தால் போதும், அதன்பிறகு சொல்வது எதையும் அவர் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பார். "மாசத்துக்கு நூறு பேர் கூடுறாங்க" என்று சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு தெரிந்தவரே தலையாட்டியிருப்பார்.

துறைச் சொற்கள்

இதை மேலே சொன்ன பகட்டோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. இரண்டு மருத்துவர்கள் தங்களுக்குள் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று பேசிக்கொண்டால் அது தேவைக்காகப் பேசுவது. நோயாளியின் குடும்பத்திடம் அதையே சொல்லி நிறுத்தினால், அவர்கள் வெளியே வந்து அடுத்தவரைத்தான் கேட்பார்கள். 'மாரடைப்பு' என்று சொல்லியிருக்கலாம்.

சில சமயம் எளிய சொல்லே ஏமாற்றிவிடும், துறைச் சொல்தான் காப்பாற்றும். ஐந்து மாணவர்கள் எடுத்த மதிப்பெண்கள் 40, 42, 45, 48, 100. சராசரி 55. கேட்பவர், பரவாயில்லையே என்று நினைப்பார். ஆனால் நான்கு பேர் 50-ஐக்கூடத் தொடவில்லை. மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பெண், 45. இந்த இடத்தில் மீடியன் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முதலில் எண்களைக் காட்டிவிட்டு அப்புறம் பெயரைச் சொன்னால், கேட்டவர் நாளைக்கு அதே சொல்லைத் தானும் பயன்படுத்துவார். பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைத் தேடினால் மிரண்டுவிடுவார்.

துறையில் ஊறியவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்று தன்னை அறியாமலே நினைத்துக்கொள்வது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவியாக இருந்த எலிசபெத் நியூட்டன் 1990-இல் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், இன்னொருவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3. தட்டுபவரின் மனதுக்குள் பாட்டு முழுசாக ஓடுகிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது 'டக் டக்' மட்டும்.

தெரிந்த சொல், கூடவே ஓர் உதாரணம்

என் ஓட்டு இதற்குத்தான். சுலபமாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. நான்கு வழிகளில் இதுதான் கஷ்டம்.

ஒரு வேலை தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒப்புதல் செயல்முறையில் சில கட்டமைப்புச் சிக்கல்கள் நிலவுகின்றன" என்று சொல்ல, வேலையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "மூணு பேர் கையெழுத்துப் போடணும், ரெண்டாவது ஆள் லீவுல இருக்கார், அவருக்குப் பதிலா யார் போடலாம்னு எங்கேயும் எழுதி வைக்கலை" என்று சொல்ல, போய் விசாரித்திருக்க வேண்டும். இரண்டாவது பதிலைச் சொன்னவரைத்தான் அடுத்த மீட்டிங்குக்கும் கூப்பிடுவார்கள். முதல் பதிலைத் தோண்டினால் அடியில் எதுவும் இருக்காது. இரண்டாவதைத் தோண்டத் தோண்ட இன்னும் விவரம் வரும்.

இதற்குத் தயாராகும் வழியும் ஓர் ஆய்விலிருந்தே கிடைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கைல் இருவரும் 2002-இல் வெளியிட்டது. ஜிப், பூட்டு மாதிரியான பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எந்த அளவுக்குப் புரியும் என்று கேட்டார்கள்; பலரும் தங்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக விளக்குங்கள் என்றதும் அந்த மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். முக்கியமான பேச்சுக்கு முன்னால் தனியாக வாய்விட்டு விளக்கிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நாம் ஒரு பெரிய சொல்லை வைத்து மூடியிருக்கும் இடத்தில்தான் அது இருக்கும்.

கேள்வி கேட்பது

பலரும் மறந்துவிடும் வழி. கேள்வியிலும் பகட்டு உண்டு: "இதை மேக்ரோ லெவல்ல எப்படி கான்டெக்ஸ்சுவலைஸ் பண்றீங்க?" இப்படிக் கேட்பவர் தன்னைக் காட்டிக்கொள்கிறார், பதில் சொல்பவருக்கோ எங்கே தொடங்குவதென்றே தெரியாது. "போன தடவை இதே வேலை ரெண்டு வாரத்துல முடிஞ்சுதே, இப்ப என்ன மாறிடுச்சு?" என்று கேட்கப் பெரிய சொல் எதுவும் தேவையில்லை, கவனித்துக் கேட்டிருந்தால் போதும். பேசிக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பது இந்தக் கேள்விக்குத்தான்.

விஷயம் நமக்குப் புதிது என்றால் இந்த வழியைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. ஆனால் கேள்வியாகவே அடுக்கிக்கொண்டு போனால் பேச்சு விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று கேள்விக்குப் பிறகு, "எனக்கு இப்படித் தோணுது" என்று சொந்தக் கருத்து ஒன்றையும் முன்னால் வைத்துவிட வேண்டும், அது பாதி வெந்ததாக இருந்தாலும் சரி. நேர்காணலிலும் இதே கணக்குதான்: கேள்வி சரியாகப் புரியவில்லை என்றால் ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொண்டு, அப்புறம் பதிலை உதாரணத்தோடு தொடங்கலாம்.