மூன்று அளவுக்கும் ஒரே மூடி: பார்சல் டப்பா மதிப்பீடு

2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பின் பார்சலை மட்டும் நம்பி ஓடிய சின்னச் சமையலறைகளில் அடுப்பும் சரக்கும் ஆளும் தயாராக இருந்தும், டப்பாவுக்கு மூடி இல்லாவிட்டால் அன்றைய வேலை நின்றுவிடும். அதனால் விலையைவிட, கிடைக்குமா என்பதைப் பார்த்தே டப்பா வாங்க வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலிடம் வட்டமான பிபி (பாலிப்ரொப்பிலீன்) டப்பாவுக்குத்தான். சுமார் கால், அரை, ஒரு லிட்டர் என மூன்று அளவிலும் வாய் அகலம் ஏறக்குறைய 117 மில்லிமீட்டர். உயரம் மட்டுமே மாறும், மூடி ஒன்றே. அரை லிட்டர் டப்பா சந்தையில் தீர்ந்துபோனால் கால் லிட்டரில் இரண்டாகப் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆட்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் மூடி தேடும் வேலையும் மிச்சம். உள்ளே இருப்பது வெளியே தெரிவதால், வாங்க வருபவர் திறந்து பார்க்காமலே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாத் தயாரிப்பும் ஒன்றல்ல. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்க வேண்டும். பிபி உருகுவது ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில், அதனால் கொதிக்கும் குழம்பையும் தாங்கும். 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். தாவரப் பொருளில் செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியையே தாங்காது. அதில் குளிர்ந்த உணவு மட்டும்தான். மொத்தமாக வாங்கும் முன் சுடுநீர் ஊற்றி மூடி, காகிதத்தின்மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அந்தச் சரக்கு வேண்டாம்.

மிகுதியாகத் தவறு நடப்பது நிரப்பும்போதுதான். விளிம்பு வரை ஊற்றி உடனே அழுத்தி மூடினால் நீராவி மூடியைத் தள்ளிவிடும். வழியில் ஆறும்போது இதற்கு நேர்மாறு: உள்ளே அழுத்தம் குறைந்து மூடி குழியும், சுவர் மெல்லியதாக இருந்தால் பக்கமும் நெளியும், பிடி விட்டு ஒழுகும். மேலே ஒரு விரல்கடை இடம் விடுங்கள். விளிம்பைத் துடைத்து, மூடியைச் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் ஆவி போகட்டும். பிறகு சுற்றிலும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். அதற்குமேல் ஆறவிடக் கூடாது. சூடாகக் கொடுக்கும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.

குளிரவைத்துக் கொடுப்பதாக இருந்தால், சூட்டோடு ஒரு லிட்டர் டப்பாவில் ஊற்றிக் குளிர்பெட்டியில் தள்ளுவது ஆபத்து. நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமி பெருகும். அகலத் தட்டில் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கிய பிறகே டப்பாவில் போட வேண்டும். உறையவைத்த பிபி டப்பா கீழே விழுந்தால் விரிசல் விடும், அதையும் நினைவில் வையுங்கள்.

இந்த டப்பா உதவாத இடம் பொரித்த பண்டம். ஆவி வெளியேற வழியில்லாமல் மொறுமொறுப்பு போய்விடும். அதற்குத் துளையிட்ட காகிதப் பெட்டிதான். கரும்புச் சக்கைப் பெட்டியும் நல்லதே, ஆனால் குழம்பு நெடுநேரம் நின்றால் ஊறித் தளர்ந்துவிடும். அலுமினியத்தில் புளிப்பான உணவு வேண்டாம், அரித்துவிடும்.

யாரும் திறக்கவில்லை என்று காட்ட ஒட்டும் முத்திரை ஸ்டிக்கர் பிபியில் சரியாகப் பிடிக்காது. அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை பற்றுவதே கடினம். எண்ணெயோ ஈரமோ இருந்தால் சுத்தமாக உரிந்துவிடும். டப்பாவைக் காகிதப் பையில் போட்டு, பையின் வாயை மடித்து, அந்த மடிப்பின்மேல் ஒட்டுங்கள். உணவின் பெயர், கட்டிய நேரம், கடலை, பால் போன்ற ஒவ்வாமைப் பொருள் எல்லாம் அதிலேயே எழுதலாம்.

கொரோனா காலத்தில் இருந்த, உணவு நிரப்பிய டப்பாவின்மேல் கிருமிநாசினி அடிக்கும் பழக்கம் கண்டிப்பாக வேண்டாம். மூடி இடுக்கு வழியே உள்ளே கசியக்கூடும். டப்பாவை எடுக்கும் முன் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுவதே உண்மையான பாதுகாப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வருபவை இறுகிக்கொள்ளும், அவசரத்தில் விரலை உள்ளே விட்டுப் பிரிக்கத் தோன்றும். ஆர்டர் குவியும் முன்பே, வெளிப்பக்கம் பிடித்துப் பிரித்துக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

இருப்பு எடுக்கும்போது மூடியைத் தனியாக எண்ணுங்கள். அழுத்தும்போது உடைவதும் வளைவதும் அதுதான், டப்பாவுக்கு முன்பே தீர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கான மூடி கையிருப்பில் இருந்தால் போதும்.