பெட்டியா, வட்டமா?

திருப்பூர் பக்கம் அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வீடு வர இரவாகிவிடுகிறது, அதனால் குழந்தை மனசில் இருப்பதைக் கேட்கிற காது பள்ளிக்கூடத்தில் கிடைத்தால்தான் உண்டு. அதற்கு இரண்டு வழி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் வைக்கிற 'மாணவர் மனசு' மாதிரி, பிள்ளைகள் புகாரை எழுதிப் போடுகிற பூட்டிய பெட்டி ஒன்று. வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து பேசுவது இன்னொன்று.

பெட்டியில் கூச்சம் இல்லை, பேர் எழுத வேண்டியதில்லை. நாலாவது, அஞ்சாவது பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் ஒண்ணாவது படிக்கிறவன் "வேன்ல அந்தண்ணன் கிள்ளுது" என்று எழுத்துக்கூட்டி எழுதுவானா? அப்புறம், பெட்டியைத் திறக்காமலே விட்டால் அதில் மிட்டாய்க் காகிதம்தான் சேரும்.

வட்டத்தில் சின்னதுகள் நன்றாகவே பேசும். "எதுக்குப் பயந்தே, சொல்லு கண்ணு" என்று டீச்சர் கேட்டால் நாய், இருட்டு, கணக்கு என்று ஆரம்பித்து, யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்தபிறகு மெதுவாக மற்றதும் வரும். ஆனால் தப்பான தொடுதல் பற்றி எல்லார் முன்னாலும் யாரையும் கேட்கவே கூடாது. யாரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்பதை மட்டும் அங்கே சொல்லிக்கொடுங்கள். குழந்தை சொல்லிவிட்டால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், "ஊர்ல பேசுவாங்க, விடுங்க" என்று அமுக்க முடியாது.

என் ஓட்டு: மூணாவது வரைக்கும் வட்டம், அதற்கு மேல் இரண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் பெட்டி மேலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.