மேல் கடைவாய்ப் பல்லுக்கு சைனஸ் லிஃப்டா, குட்டை இம்ப்ளான்டா?

மேல் கடைவாய்ப் பல்லைக் கழற்றிவிட்டுக் கனகாலம் சும்மா இருந்தால், அதற்கு மேலே கன்ன எலும்புக்குள் உள்ள சைனஸ் என்ற காற்றறை மெல்லக் கீழே இறங்கும், எலும்பும் கரையும். பிறகு இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு, வைக்கப் போனால் திருகு பிடிக்க எலும்பு காணாது என்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. சைனஸ் லிஃப்ட் செய்து, அதாவது சைனஸின் அடிச்சவ்வை மேலே தூக்கிக் கீழே எலும்புத்தூள் வைத்து, எலும்பை வளர்த்து நீளமான இம்ப்ளான்ட் வைக்கலாம், இல்லாவிட்டால் இருக்கிற எலும்புக்குள் 6 மில்லிமீட்டர் குட்டை இம்ப்ளான்ட் வைக்கலாம் என்றார் வைத்தியர். நான் குட்டையை எடுத்தேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் முதலில் கேட்டுப் பார்க்கவேண்டியதும் அதைத்தான் என்பேன்.

செலவும் காலமும் லிஃப்டுக்குக் கூட. பக்கவாட்டில் எலும்பை வெட்டிச் செய்யும் பெரிய லிஃப்ட் என்றால் வைத்த எலும்புத்தூள் இறுக நான்கிலிருந்து ஒன்பது மாதம் வரை போகலாம்.

ஆபத்து என்று பார்த்தால், சைனஸின் உட்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வுதான் முக்கியம். பெரும்பாலும் அது ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இராது. பக்கவாட்டில் எலும்பில் ஜன்னல் வெட்டி, அந்தச் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கவேண்டும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 20 சதவீதம் பேருக்கு அது கிழிகிறது. சின்னக் கிழிசலை அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள். பெரிதானால் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பல் வைக்கும் துளை வழியாகவே தூக்கும் சின்ன லிஃப்டும் உண்டு. வீக்கம் குறைவு, ஆனால் கிழிந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது.

என் முடிவைத் தீர்மானித்தது அதற்குப் பிறகு வரும் வாரங்கள்தான். லிஃப்ட் செய்தால் மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்மவேண்டும், ஸ்ட்ரோவில் உறிஞ்சக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. இதெல்லாம் செய்யலாம். ஆனால் கன்னம் வீங்கி, மூக்கால் சீழ் வடிந்தால், அல்லது எலும்புத்தூள் மூக்கு வழியாக வந்தால், வெட்டிய வைத்தியரே உடனே பார்ப்பது நல்லது. அவர் கொழும்பில் இருந்தால் நமக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். வீங்கிய முகத்தோடு இரவு ரயிலில் போய் விடியக் கோட்டையில் இறங்குவதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். குட்டை இம்ப்ளான்டில் சைனஸைத் தொடுவதில்லை என்பதால் இந்த வகைச் சிக்கல் மிகக் குறைவு. லிஃப்டேதான் வேண்டுமென்றால் மாரி மழையும் தடிமனும் ஓடும் கார்த்திகை, மார்கழியைத் தவிருங்கள். பீனிசம் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் புகைப்பவர்களும் இரண்டிலுமே யோசிக்கவேண்டும்.

எல்லாருக்கும் குட்டை சரிவராது. முப்பரிமாண ஸ்கேனில் என் எலும்பு 7 மில்லிமீட்டர். திரையில் கறுப்பாகத் தெரிந்த சைனஸுக்கும் முரசுப் பக்கத்து விளிம்புக்கும் நடுவே கோடு இழுத்து வைத்தியர் காட்டினார். அது 4 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் லிஃப்டைத்தான் சொல்வார்கள். அதற்காகப் பயந்து ஓடவேண்டியதில்லை. 1970களிலிருந்து செய்துவரும் சிகிச்சை அது, அதன் மேல் வைத்த இம்ப்ளான்ட்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைக்கின்றன. ஐந்து வருடம் வரை பார்த்த ஒப்பீடுகளில் குட்டையும் ஏறக்குறைய அதே அளவு நிலைத்திருக்கிறது. ஆனால் குட்டையைச் சுற்றி எலும்பு கொஞ்சம் கரைந்தாலும் மிஞ்சுவது குறைவு, அதனால் துப்புரவில் விட்டுவிடக்கூடாது. என் பல் இன்னும் புதிது. பத்து வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

லிஃப்டுக்குப் போகிறவர்கள் எலும்புத்தூள் எதிலிருந்து எடுத்தது என்று முன்கூட்டியே கேளுங்கள். பரவலாகப் பயன்படுவது மாட்டெலும்பிலிருந்து வருவது, அந்தத் தூளை மூடப் போடும் சவ்வுத்தாள்களில் சில பன்றியிலிருந்து. கல்லடியில் இருந்தாலும் காத்தான்குடியில் இருந்தாலும் நம்மில் பலருக்கு இது பெரிய விஷயம். செயற்கைத் தூளும் இருக்கிறது, சொன்னால் அதை வரவழைப்பார்களா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.